தையல்காரர் வீட்டுக்கு அடியில்

என் சித்தப்பாவைத் தெருவில் பெருச்சாளி என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் படாமல் வேலைக்குப் போய் வருகிற ஒரே ஆள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் சாக்கடைக் குழாய் பதிக்கிற ஒப்பந்தக்காரரிடம் இருந்தார். பிறகு ஆற்றுக்கு அடியில் தண்ணீர்க் குழாய்க்குத் துளை போடப் போனார். கடைசியில் நகரத்துக்கு அடியில் சுங்கச் சாலை வரப்போகிறது என்று சொல்லிப் பெரிய எந்திரம் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது, அதை ஓட்டப் பழகிக்கொண்டார். வர வர ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. கல்யாணப் பேச்சு வந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று சித்தியின் அப்பா கேட்க, என் அப்பா பதில் சொல்லாமல் காலால் தரையைத் தட்டிக் காட்டினாராம்.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய வருடம் நகரத்தின் ஒரு மூலையில் தகர வேலியும், வேலிக்குள் பெரிய குழியும் மட்டும் இருந்தன. பஸ், படகு, ரயில், கால் என்று எதெதிலோ ஏறி இறங்கி, ஓர் இடத்தில் உட்கார முடியாமல் சுற்றிவிட்டு நான் திரும்பி வருவதற்குள் சித்தப்பா நகரத்தின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தார். நான் காலையில் நடை போனால் தீர்ந்துவிடுகிற தூரம். அதை நான் கிண்டலாகச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீ போன வழியில இன்னைக்கு யாராவது போறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எந்திரம் என்றால் புல்டோசர் மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் மாடி வீட்டைவிட உயரமான ஒரு வட்டத் தலை. அது சுழன்று மண்ணைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் பின்னாலேயே வளைந்த கான்கிரீட் துண்டுகளைப் பொருத்தி ஒரு வளையம் கட்டுவார்கள். அந்த வளையத்தையே உதைத்துக்கொண்டு எந்திரம் அடுத்த அடி வைக்கும். நடுவில் ஒரு சின்ன அறையில், திரைகளுக்கு முன்னால், சித்தப்பா உட்கார்ந்திருப்பார். எதிரே இருக்கிற மண் எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு எந்திரமும் திருப்பித் தள்ள வேண்டும். குறைந்தால் மேலே தெரு இறங்கும், கூடினால் தெரு வீங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் அவர் வேலை. "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பு" என்பார். சித்தி பக்கத்தில் இருந்தால் அதைச் சொல்ல மாட்டார்.

வேலை பாதி தாண்டிய பிறகுதான் பாதை எங்கள் தெருவுக்கு நேர் கீழே போகிறது என்பது தெருவுக்கு உறைத்தது. வரைபடம் முன்பே ஒட்டியிருந்தார்கள். யார் அதைப் படித்தார்கள்? எங்கள் தெரு குறுகல். எல்லாம் ஒட்டு வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டுக்காரர் நூறு ஆயுசு என்பார். கம்பெனி ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு வெளிச்சுவரில் ஒரு இரும்புக் கையை முடுக்கி, அதன் நுனியில் கண்ணாடிக் குமிழ் ஒன்றைப் பொருத்தினார்கள். தெருக்கோடி மொட்டை மாடியில் ஒரு கருவி நாள் முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிக் குமிழ் குமிழாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு குமிழ் துளி இறங்கினாலும் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அடியில் எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். தெருவில் இந்தக் குமிழுக்குக் கண் என்று பெயர் வைத்தார்கள்.

சித்தப்பாவுக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மட்டும் தன் சுவரில் கண் வைக்க விடவில்லை. முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். மனைவி போன பிறகு தனி ஆள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். அவர் விடாததால் அவருக்கு அந்தப் பக்கம் இருந்த நாலைந்து வீட்டுக்காரர்களும் தயங்கினார்கள். கம்பெனி மேலாளர் இரண்டு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போனதுதான் மிச்சம். கடைசியில் சித்தப்பாவைப் போகச் சொன்னார்கள்.

சித்தப்பாவுக்குப் பேச வராது. கடை வாசலில் நின்று, ஒன்றும் ஆகாது அண்ணே, மேல ஒரு டம்ளர் தண்ணிகூட ஆடாது என்றார். தெருவே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தையல்காரர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்கிறது?"

"என்னைக் கேளுங்க."

"உன்னை எங்க தேடறது? நீதான் பூமிக்கு அடியில இருப்பியே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. ஒரு விரிசல் வந்தாலும் தானே வந்து பூசித் தருவதாகச் சொன்னார். தையல்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி கொத்தனார் எவனும் என் வாசப்படி ஏறக் கூடாது, நீதான் வரணும், உன் கையாலதான் பூசணும் என்றார். சித்தப்பா சரி என்றார். மறுநாள் அந்தச் சுவரிலும் கண் ஏறியது. மற்றவர்களும் விட்டுக்கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று சித்தி சொன்னார். அதுவரை எத்தனையோ தெருக்களுக்கு அடியில் போயிருக்கிறார். அங்கெல்லாம் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. இங்கே கொடுத்தது அவர். சுவர் எதுவாவது விரிசல் விட்டால் கம்பெனி வேலியைப் பிரித்துக்கொண்டு போய்விடும். அவர் தினமும் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டும்.

மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்த வீட்டுக்குக் கீழே போகிற நாட்களில் வேறு ஓட்டுநரை உட்கார வைக்கலாம் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். "வேற ஆள் ஓட்டினா நான் வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருக்கணும். அதுக்கு இதுவே மேல்."

எந்திரம் தெருவைத் தாண்டும்வரை விருப்பப்பட்டவர்கள் வெளியே தங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி ஒரு விடுதியில் அறைகள் எடுத்திருந்தது. பெரும்பாலான வீடுகளில் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். ஆனால் யாரும் கிளம்பவில்லை. எல்லோரும் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்திரக்காரன் பொண்டாட்டியே போனால் நாமும் போவோம், அவள் இருந்தால் நமக்கு என்ன என்பது கணக்கு. சித்தி அசையவில்லை. "எலி வளையானாலும் தனி வளை. இதை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாராம். பெருச்சாளியின் மனைவி இப்படிச் சொன்னது தெருவில் ரொம்ப நாள் ஓடியது.

ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் பயந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பார்களே. அந்தக் காலையில் எந்திரம் தெருமுனைக்கு அடியில் வந்துவிட்டது என்று தெரிந்ததும், சித்தி வீட்டில் இருந்த அத்தனை துணியையும் எடுத்து வெளியே போட்டார். போர்வை, திரைச்சீலை, தலையணை உறை, அலமாரிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தவைகூட. இடிந்து விழப்போகிற வீட்டில் யாராவது போர்வை துவைப்பார்களா? தெரு பார்க்கட்டும் என்றுதான் துவைத்தார். நன்றாகவே பார்த்தது. பை கட்டி வைத்திருந்தவர்களில் இரண்டு பேர் பையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொடி போதவில்லை. புதுக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு நுனியைத் தன் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார். மறு நுனிக்கு இடம் தேடினார். தையல்காரர் சுவரில் சரியான உயரத்தில் ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரன் முடுக்கியது, கெட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம். அதில் கட்டி, ஈரப் போர்வைகளை வரிசையாகப் போட்டார். கண்ணாடிக் குமிழை மறைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறார். அந்த அளவுக்குப் பொறுப்பு.

அடியில் சித்தப்பாவுக்கு நிறுத்து என்று கட்டளை வந்தது.

எந்திரம் தெருவுக்கு நட்டநடுவில் இருந்தது. எந்தக் குமிழ் என்று கேட்டார். தையல்காரர் சுவர் என்றார்கள். இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அவருடைய திரைகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தான்தான் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று அவர் நினைத்தார். மறுபடி மறுபடி பார்த்தார். எந்திரம் ஓடுகிறவரை மண்ணைத் தாங்கும். நின்றுவிட்டால் இளகிய மண் அதன் மேல் மெல்ல மெல்ல உட்காரத் தொடங்கும். அது எல்லோருக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும். ஆனால் சுவர் இறங்குகிறது என்று கருவி சொல்லும்போது ஓட்டு என்று யார் சொல்வார்? நிறுத்தியதுதான் சரி. சித்தப்பா கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அவருடைய தண்ணீர் டம்ளர் இருந்தது. அது ஆடவில்லை. ஆடாத டம்ளரைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான் என்றார் என்னிடம். வீட்டுக்குப் பேசவும் முடியாது. செல்போனை மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

என்ன ஆயிற்று என்று பார்க்க ஓர் அளவைக்காரப் பெண் தெருவுக்கு வந்தாள். கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆனது. முதலில் தையல்காரர் கடைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், தரையில் மட்டம் வைத்துப் பார்த்தாள், மாடிக்குப் போய்க் கருவியைத் துடைத்தாள். போர்வைக்கு நடுவில் குனிந்து குனிந்துதான் போய் வந்திருக்கிறாள். மூன்றாவது தடவை ஒரு திரைச்சீலை ஈரமாக முகத்தில் அறைந்தபோதுதான் நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தாள். கயிறு போகிற வழியே பார்த்தாள். சித்தியைக் கூப்பிட்டு, அக்கா, இதைக் கொஞ்சம் அவுத்துடறீங்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அவிழ்த்ததும் இரும்புக் கை நிமிர்ந்தது. மாடியில் கருவி ஒரு சுற்று பார்த்துவிட்டு அமைதியானது.

ஓட்டலாம் என்று சித்தப்பாவுக்குச் சொன்ன மேலாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரோ துணி காயப் போட்டிருக்கிறார்கள் என்றார். ஊதாப் பூப் போட்ட பெரிய போர்வையாம், அந்த எடைக்கு எந்தக் கம்பிதான் தாங்கும் என்றார். சித்தப்பா அந்தப் போர்வையில்தான் காலையில் எழுந்து வந்திருந்தார். எந்திரத்தை நகர்த்தினார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது ஊதாப் பூப் போர்வை அரைகுறை ஈரத்தோடு கட்டிலில் மடித்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சித்தி தட்டில் சோறு வைத்தார். வழக்கத்தைவிட நிறைய வைத்தார். அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

எந்திரம் தெருவைத் தாண்டிப் போனது. எந்த வீடும் விழவில்லை. பையைக் கட்டியவர்கள் பையை அவிழ்த்தார்கள். சில நாள் கழித்துத் தையல்காரர், வெட்டு மேஜைக்கு மேலே சுவரில் கூரையிலிருந்து இறங்கும் ஒரு கோட்டைப் பார்த்தார். தன் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நகத்தால் எடுக்கப் பார்த்திருக்கிறார். வரவில்லை.

எந்திரம் நின்ற இடத்தில் மண் உட்கார்ந்ததால் வந்தது அது. ஆபத்து ஒன்றும் இல்லை, பூசினால் போதும் என்று அளவைக்காரப் பெண் சொன்னாள். கம்பெனி இரண்டு கொத்தனார்களை அனுப்பியது. தையல்காரர் வாசலிலேயே மறித்து, உங்களுக்கு இங்க வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார். சித்தப்பாவுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் விரிசலைப் பார்த்தார்கள்; அது என்ன என்று கேட்டவர்களிடம், அதுவா, பெருச்சாளி குடுத்த வாக்கு என்றார்.

விடுமுறை நாள் வந்ததும் சித்தப்பா ஒரு வாளியில் சிமென்ட்டும் மணலும், இரவல் வாங்கிய கரண்டியும் எடுத்துக்கொண்டு போனார். சித்தி பின்னாலேயே போனார். அத்தனை பெரிய எந்திரத்தை முடியளவு பிசகாமல் ஓட்டுகிறவருக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. அப்பிய கலவையில் பாதி வெட்டு மேஜைமேல் விழுந்தது. யாரோ தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டைமேலும் விழுந்தது. தையல்காரர் முக்காலியில் உட்கார்ந்து வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தைச் சித்தியால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அவரைத் திட்டாதீங்க. எந்திரம் நின்னது என்னால. அந்தக் கம்பியில கயிறு கட்டினது நான்தான்."

சித்தப்பா திரும்பவில்லை. பூசிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா," என்றார் தையல்காரர். "எட்டலைன்னு நீ நின்னப்ப இந்த முக்காலியை எடுத்துக் குடுத்தது யாரு?"

சித்திக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம். முக்காலி மட்டும் இல்லை, முடிச்சு நழுவாமல் இருக்க எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். தையல்காரர் சொல்லிக் கொடுத்த முடிச்சு அவிழுமா? ஈரப் போர்வை கொஞ்சம் நழுவியிருந்தால் எந்திரம் நின்றிருக்காது.

பிறகு யார் முதலில் சிரித்தது என்பதில் மட்டும் இன்றுவரை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

சித்தப்பா பூசி முடித்தபோது சுவரில் எலியை விழுங்கிய பாம்பின் வயிறு மாதிரி ஒரு மேடு நின்றது. தையல்காரர் எழுந்து கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து அதன் நீளம் அகலம் பார்த்தார். "நான் இப்படித் தச்சுக் குடுத்தா மூஞ்சியில விட்டெறிவாங்க," என்றார். அப்புறம் சொன்னதுதான் சித்தப்பாவின் மனதில் தங்கிவிட்டது. "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன, ஆச்சு. வந்து பூசறேன்னு சொன்ன, பூசிட்ட. பாதி வாக்குதான் காப்பாத்தியிருக்க, தம்பி."

சுரங்கம் திறந்தது. எந்திரத்தைப் பிரித்து வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு போக விருப்பமா என்று சித்தப்பாவைக் கேட்டார்கள். நானாக இருந்தால் பெட்டியோடு கப்பலில் நின்றிருப்பேன். அவர் கட்டுப்பாட்டு அறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொன்றிலும் அவர் தோண்டிய இடம் வெள்ளைப் பலகை போர்த்தி, விளக்கு போட்டு, வண்டி ஓடுகிறது. எதாவது வண்டி நின்றால் அந்தத் தடத்துக்குச் சிவப்பு விளக்குப் போடுவார், ஒலிபெருக்கியில் பேசுவார், மீட்பு வண்டியை அனுப்புவார். வெயில் இப்போதும் படுவதில்லை.

தெருவில் எல்லோரும் சுரங்கத்தில் போய் வந்தார்கள். சுங்கம் கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். தையல்காரர் மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் மேலே சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனார். காரணம் கேட்டால், "என் வீட்டுக்கு அடியில போறதுக்கு நான் காசு குடுக்கணுமா? அவன்தான் எனக்கு வாடகை குடுக்கணும்," என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சித்தப்பா சிரிப்பார், ஆனால் பாதிதான். நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, இன்னைக்கு அவர் பஸ்ஸா என்று சித்தியிடம் கேட்பார். பஸ்தான் என்பார் சித்தி.

போன வாரம் தையல்காரர் ஒரு மருத்துவமனைக்குத் திரைச்சீலைகள் தைத்து முடித்தார். மூட்டைகள் பெரியவை. பஸ்ஸில் ஏறாது. ஒரு டாக்சி பிடித்து, கூட மூட்டை பிடிக்க என்னைக் கூப்பிட்டார். என்னை ஊர்சுற்றி என்றுதான் கூப்பிடுவார். ஏறி உட்கார்ந்ததும் டாக்சிக்காரர் மேல் சாலை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், கீழேதான் போகணும் என்றார். தையல்காரர் கொஞ்ச நேரம் மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். திரைச்சீலை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சரி, விடு என்றார்.

நுழைவாயில் வளைவில் டாக்சிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுங்க வில்லையை ஒரு கருவி படித்து 'டிக்' என்றது. தையல்காரர் அதைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். பிறகு சாலை இறங்கத் தொடங்கியது. அவர் முன்னிருக்கையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெரு எந்த இரண்டு அவசரக் கதவுகளுக்கு நடுவில் வருகிறது என்று சித்தப்பா எனக்குச் சொல்லியிருந்தார். முதல் கதவு வந்ததும், இங்கதான், உங்க வீடு இதுக்கு மேலதான் என்றேன்.

"மெல்லப் போப்பா," என்றார் அவர். டாக்சிக்காரர் வேகத்தைக் குறைத்தார். தையல்காரர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மேலே பார்த்தார். வழுவழுவென்று வெள்ளை. ஒரு மேடு, ஒரு கோடு கிடையாது.

"இங்க எவ்வளவு நேர்த்தியா பூசியிருக்கான் பாரு," என்றார். "என் வீட்டுக்கு வந்தப்ப கைக்கு என்ன வந்துது?"

எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. உடனே மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. இடது தடத்தில் மெதுவாகச் செல்லும் வாகனம் வேகத்தைக் கூட்டிச் செல்லவும், வழியில் தடை எதுவும் இல்லை. எழுதி வைத்துப் படிக்கிற குரல். ஆனால் நான் வீட்டுக்குள்ளும் தையல்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தினமும் கேட்கிற குரல் அது.

டாக்சிக்காரர் கண்ணாடியில் தையல்காரரைப் பார்த்தார். இன்னும் மெதுவாகப் போகட்டுமா என்று கேட்டார். தையல்காரர் தலையை உள்ளே இழுத்து, ஜன்னலை ஏற்றிவிட்டு, இருக்கையின் முதுகிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லைன்னு அவனே சொல்றான்ல," என்றார். "போ."